ஸ்டார்ட் ஆகாத மோட்டார் வண்டி: காரணத்தைக் கண்டறியும் முறை

கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் இந்தியாவில் 1904-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் அவ்வருஷத்திலேயே ஒரு நாணயச் சங்கம் தோன்றியது. அக்காலத்தில் சங்கம் என்றால் கடன் கொடுத்து வாங்கும் ஸ்தாபனம் என்றே ஜனங்கள் கருதினர். இன்றோ சங்கங்கள் பல, டிராக்டர், சரக்கு வண்டி, மருந்து தெளிக்கும் யந்திரம் முதலியவற்றை வாங்கி அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. தனி மனிதர் ஒருவரது வண்டி நின்றுவிட்டால் நஷ்டம் அவர் வீட்டோடு போயிற்று. சங்கத்தின் வண்டி நின்றால், அதை நம்பிப் பயிரிட்டவர், அறுத்தவர், விற்கக் காத்திருப்பவர் அனைவருக்கும் நஷ்டம். பழுது பார்க்கும் செலவோ எல்லாருடைய பங்குப் பணத்திலிருந்தும் போகிறது. ஆகையால் வண்டியோட்டிகள் மட்டுமல்லாது கமிட்டியாரும் அங்கத்தினரும் இவ்விஷயத்தில் கொஞ்சம் விவரம் அறிந்திருத்தல் அவசியம்.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையே உள்ளது மாங்காடு. காமாக்ஷியம்மன் தவமிருந்த ஸ்தலமென்று பெயர் பெற்ற இவ்வூர் இப்போது நகராட்சியாகிவிட்டது. கழனிகள் பலவும் வீட்டு மனைகளாகிவிட்டன. இருப்பினும் இப்பக்கத்தில் மிஞ்சியுள்ள நிலங்களில் விளையும் கீரைக்கும் காய்கறிக்கும், 1996-இல் திறக்கப்பெற்ற கோயம்பேட்டு மார்க்கெட்டே எட்டும் தூரத்திலுள்ள பெரிய சந்தை. அங்கே மொத்த வியாபாரம் விடியுமுன்னரே நடந்துவிடும். சங்கத்தின் வண்டி ஒன்று இரவு இரண்டு மணிக்குக் கீரைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். வண்டியோட்டி சாவியைத் திருப்புகிறார். செல்ப் மோட்டார் நன்றாக அடிக்கிறது, இஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடியும் திருப்புகிறார், மறுபடியும் அப்படியே. பத்துத் தடவைக்குப் பின் பாட்டரியும் ஓய்ந்துவிடுகிறது. நாலு பேர் கூடித் தள்ளுகிறார்கள். விடிந்ததும் வரும் மிஸ்திரி, முதலில் பாட்டரியை மாற்றவேண்டும் என்கிறார். கீரை வாடிவிடுகிறது. மூல காரணம் யாதென்பதோ அப்போதும் தெரிந்தபாடில்லை.

இக்காட்சியில் நடந்த முதற்பிழை, பரீக்ஷை செய்வதற்கு முன் பலாத்காரம் செய்ததே.

இஞ்சின் சுற்றுவது வேறு, எரிவது வேறு. சாவியைத் திருப்பியதும் பாட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தால் செல்ப் மோட்டார் இஞ்சினைச் சுற்றிவிடுகிறது. இது கிணற்று ராட்டினத்தை வேறொருவர் இழுத்துவிடுவது போன்றது. அவ்வாறு சுற்றும்போது சிலிண்டருக்குள் நெருப்புப் பற்றினால்தான் இஞ்சின் தன் பலத்தால் ஓடத் தொடங்கும். அதற்கு நான்கு விஷயங்கள் கூடிவர வேண்டும்: காற்று, எரிபொருள், அவ்விரண்டையும் சிறிய இடத்தில் நெருக்கும் அமுக்கம், உரிய தருணத்தில் தீ. பெட்ரோல் இஞ்சினில் இத்தீயைப் பிளக் கொடுக்கிறது. டீசல் இஞ்சினில் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு முதல் இருபது பங்குவரை அமுக்குவதால் உண்டாகும் உஷ்ணமே டீசலைப் பற்றவைக்கிறது. செல்ப் நன்றாக அடிக்கிறதென்றால், பாட்டரியும் செல்ப் மோட்டாரும் பெரும்பாலும் குற்றமற்றவை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. நான்கில் எது வரவில்லை என்பதே எஞ்சியுள்ள கேள்வி. செல்ப் நன்றாகச் சுற்றும் வண்டியைத் தள்ளுவதும் வீண் சிரமமே. செல்ப் செய்து முடித்த வேலையைத்தான் நாலு பேரின் தோள்கள் திரும்பச் செய்கின்றன.

முற்காலத்தில் இவ்விஷயம் வண்டியோட்டிகளுக்கு எளிதில் விளங்கியது. அமெரிக்காவில் காடிலாக் கார்களில் 1912-ஆம் வருஷ மாதிரியில் மின்சார ஸ்டார்ட்டர் வருமுன், எல்லாரும் இரும்புக் கைப்பிடியை முன்னே செருகிக் கையால் சுற்றினார்கள். அமுக்கம் இருக்கிறதா இல்லையா என்பதைச் சுற்றும் கையே சொல்லிவிடும். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் பங்கீடு வந்து, சென்னை மாகாணத்துப் பஸ்கள் பலவற்றில் கரிவாயு உலைகள் பொருத்தப்பட்டன. பின்புறத்து உலையில் அடுப்புக்கரியை மூட்டி, விசிறியைக் கையால் சுழற்றி, வெளிவரும் வாயுவைச் சோதனைக் குழாயில் கொளுத்திப் பார்ப்பார்கள். சுவாலை நிலையாக எரிந்தால்தான் வாயு பக்குவமாயிற்று என்று பொருள். அதன் பிறகே இஞ்சினைச் சுற்றுவார்கள். கரியும் புகையுமாய் அவர்கள் பட்ட சிரமம் பெரிது, அவ்வாயு விஷவாயுவுங்கூட. எனினும் எரிபொருள் வருகிறதா என்று பார்த்த பின்பே சுற்றுவது என்ற அவர்களுடைய வழக்கம் இக்காலத்தார்க்கு வாய்க்கவில்லை. சாவியின் சுலபமே அதற்குக் காரணம்.

சப்தத்தையும் புகையையும் கவனித்தல்

கருவி எதையும் கையில் எடுக்குமுன் ஐந்து விநாடி செல்ப் அடித்துக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இஞ்சின் சீரான இடைவெளியில் திணறித் திணறிச் சுற்றினால் அமுக்கம் உண்டென்று அறியலாம். அவ்விதமின்றி, தடையே இல்லாததுபோல் ‘விர்’ என்று வேகமாகச் சுழன்றால், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது மேற்கொண்டு ஒரு தடவையும் செல்ப் அடிக்கலாகாது. அநேக இஞ்சின்களில் பெல்ட் அறுந்தபின் பிஸ்டன் போய் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும்.

மாறாக, சோம்பலாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் பாட்டரியைப் பார்க்க வேண்டும். முழுச் சக்தியுள்ள பன்னிரண்டு வோல்ட் பாட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது பலவீனமானது. பாட்டரியே கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்லுமுன் அதன் முனைகளில் படிந்துள்ள வெண்பூப்பைச் சுரண்டி, பட்டைகளை இறுக்கிப் பார்ப்பது நலம். இதற்குக் காசு செலவில்லை.

ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து விநாடிகளுக்கு மேல் செல்ப் அடிக்கக்கூடாது; இடையில் ஒரு நிமிஷமாவது ஓய்வு தர வேண்டும். செல்ப் மோட்டார் இடைவிடாது வேலை செய்வதற்காக ஏற்பட்டதன்று. அதன் சுருள்கள் சூடேறிக் கருகிவிடும். பெட்ரோல் வண்டியாயின் இன்னொரு கெடுதலும் உண்டு. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் சேர்ந்து, பின்னர் அங்குள்ள புகை சுத்தி செய்யும் பகுதியைப் பாழாக்கும். அதன் விலை, முதலில் இருந்த பழுதைக் காட்டிலும் பன்மடங்கு.

பெட்ரோல் வண்டிகள்

முதலில் டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா? கேள்வி நகைப்புக்கிடமானதாகத் தோன்றலாம். ஆயினும் முள் பழுதாகி, காலி டாங்கை அரை டாங்கென்று காட்டிய வண்டிகள் உண்டு. மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டோ, கைப்பிடியிலுள்ள நிறுத்தும் பொத்தானைத் தெரியாமல் தட்டிவிட்டோ, அரைமணி நேரம் உதைத்து வியர்த்தவர்களும் உண்டு. வெட்கப்படாமல் இவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும்.

பிறகு இரவின் நிசப்தத்தில், செல்ப் அடிக்காமல் சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பி, டாங்கின் அருகே காதை வைத்துக் கேட்க வேண்டும். இக்கால வண்டிகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் பம்பு டாங்கிற்குள்ளேயே இருக்கிறது. சாவி திருப்பியதும் ஏறக்குறைய இரண்டு விநாடி ‘ம்ம்’ என்று ஒலித்து அடங்கும். அவ்வொலி கேட்கவில்லையெனில் பியூஸ், ரிலே, பம்பு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பியூஸின் விலை சில ரூபாய். பம்பின் விலை சில ஆயிரங்கள். வரிசையைத் தலைகீழாக்குவதால் லாபமடைபவர் சாமான் கடைக்காரர் ஒருவரே. டாங்கின் அடிப்புறத்தைக் கையால் தட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் பம்பு தேய்ந்துவிட்டது என்பது நிச்சயம். அன்றைய பயணம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

அடுத்து மூக்கின் சாட்சியம். சில தடவை செல்ப் அடித்தபின் புகைக்குழாயருகே பெட்ரோல் வாசனை பலமாக வீசினால் எரிபொருள் வருகிறது, தீப்பொறி வரவில்லை என்று கொள்ளலாம். வாசனையே இல்லையெனில் எரிபொருள் வரவில்லை. இதையே பிளக்கைக் கழற்றியும் ஊர்ஜிதம் செய்துகொள்ளலாம்: முனை நனைந்திருந்தால் தீப்பொறியில் குறை, உலர்ந்திருந்தால் பெட்ரோலில் குறை. இவ்வொரு பரீக்ஷையே வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பிளக் மிகுதியாக நனைந்துபோயிருந்தால், வேறு பழுது ஏதுமின்றி, அளவுக்கு மீறி வந்த பெட்ரோலே தீயை அணைத்திருக்கவும் கூடும். ஈர விறகு எரியாததற்கு ஒப்பான நிலை இது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சில விநாடி செல்ப் அடித்தால், கார்பரேட்டர் வண்டியில் அதிகக் காற்றுப் புகுந்து சிலிண்டரை உலர்த்தும். கம்ப்யூட்டர் உள்ள வண்டிகள் பலவற்றில் அவ்விதம் மிதித்திருக்கும்போது பெட்ரோல் வருவதே நிறுத்தப்படும்.

தீப்பொறியைச் சோதிக்கையில் ஜாக்கிரதை வேண்டும். பிளக்கிற்குச் செல்லும் மின்சாரம் பதினாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்டது. பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இஞ்சினைச் சுற்றுவது வழக்கமாக இருந்தாலும் தகாத வழக்கமே. பெட்ரோல் சிந்திய இடத்தில் பொறி விழுந்தால் வண்டி மட்டுமின்றிக் கொட்டகையும் போய்விடும். இதற்கென்றே சிறு விலையில் கிடைக்கும் சோதனைக் கருவியைச் சங்கம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். பொறி நீலமாகவும் திடமாகவும் பாய வேண்டும். மஞ்சளாக மினுக்கி மறைந்தால் காயில், வயர், பிளக் ஆகியவற்றுள் ஒன்று நலிந்துவிட்டது.

எரிபொருள் பற்றி இன்னொரு செய்தி. இந்நாளில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயம் நூற்றுக்கு இருபது வரை கலந்துள்ளது. இது சிறிதளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் சாராயமும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மழைக்காலத்தில் மூடி சரியாகப் பொருந்தாத டாங்குள்ள மருந்து தெளிக்கும் யந்திரங்களிலும், மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டிகளிலும் இவ்விதம் நேரக்கூடும். கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எடுத்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பார்த்தால் இரண்டு தட்டுகளாகப் பிரிந்திருப்பது தெரியும். அத்தகைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

டிராக்டரும் டீசல் இஞ்சினும்

டிராக்டர் ஸ்டார்ட் ஆகாததற்கு மிகவும் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. பழைய முறை டீசல் இஞ்சினை நிறுத்துவதற்கு ஒரு பிடியை வெளியே இழுக்கிறோம். அது பம்பிலிருந்து டீசல் போவதைத் தடுக்கிறது. அதைத் திரும்ப உள்ளே தள்ள மறந்துவிட்டால், பாட்டரி தீரும் மட்டும் சுற்றினாலும் இஞ்சின் ஓடாது. கம்பி துருப்பிடித்துப் பிடியோடு திரும்பி வராமலிருந்தாலும் அப்படியே. மிஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் பம்பருகே அந்தக் கம்பி உண்மையில் அசைகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவது உத்தமம்.

பிறகு புகையைப் பார்க்க வேண்டும். செல்ப் அடிக்கும்போது புகைக்குழாயில் வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டரை அடைகிறது, பற்றவில்லை என்பது பொருள். ஹீட்டர் பிளக், அமுக்கம், பாட்டரியின் வேகம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். புகையே இல்லையெனில் டீசல் வந்துசேரவில்லை.

டீசல் வந்துசேராமைக்குப் பெரும்பாலும் காரணம் குழாய்க்குள் புகுந்த காற்று. டாங்கு வறண்டுபோன பிறகு டீசலை ஊற்றினால் மாத்திரம் போதாது. குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டரை மாற்றியபோதும் இவ்விதமே. கைப்பம்பை அமுக்கிக்கொண்டே பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தினால் நுரையோடு டீசல் வெளிவரும். குமிழிகள் நின்று சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்கிவிட வேண்டும். அடுத்து டீசல் பம்பிலுள்ள திருகிலும் அவ்வாறே செய்ய வேண்டும். பழைய முறை இஞ்சின்களில் கடைசியாக நாசில் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்திச் சுற்றிப் பார்ப்பதும் உண்டு. பொறுமையிருந்தால் கால்மணி நேரத்து வேலை. அவசரப்பட்டு நடுவில் திருகை இறுக்கிவிட்டால் ஒரு மணி நேரம் ஆகும்.

சில டிராக்டர்கள் பகலெல்லாம் நன்றாக ஓடி, மறுநாள் காலையில் மட்டும் அடம்பிடிக்கும். தினந்தோறும் காற்று எடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். எங்கோ ஒரு வாஷரோ ரப்பர் குழாயோ வெடித்து, இரவில் டீசல் டாங்கிற்குத் திரும்பி வடிந்து, அவ்விடத்தில் காற்று புகுந்துவிடுகிறது என்பதே இதற்கு அர்த்தம். வெளியே டீசல் கசியாமலேயே காற்று உள்ளே போகக் கூடும். அதனால்தான் பலர் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் பம்பையே கழற்றி விடுகிறார்கள். டாங்கிலிருந்து பம்பு வரையிலுள்ள ஒவ்வொரு இணைப்பையும் துடைத்து, வாஷர்களைப் புதிதாகப் போட்டுப் பார்த்த பின்பே பம்பின் மேல் குற்றம் சாட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேற்கூறிய நட்டுத் தளர்த்தும் முறை, கம்ப்யூட்டரால் இயங்கும் புதுவகை டீசல் வண்டிகளுக்குப் பொருந்தாது. 2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் அமலான பாரத் ஆறாம் நிலை விதிகளுக்குட்பட்ட டீசல் லாரிகளும் சரக்கு வண்டிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றின் குழாயில் டீசல் ஆயிரம் பார் அமுக்கத்திற்கும் மேலாக நிற்கும். அதாவது சாதாரணக் காற்றின் அமுக்கத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். தளர்ந்த நட்டின் வழியே ஊசி போலப் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியில் சிறு புள்ளியளவே தெரியும் அக்காயத்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். அப்படி நேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய டிராக்டரில் பழகிய கை புதிய லாரியில் அதே வேலையைச் செய்யப் புகுவதுதான் பெரிய ஆபத்து.

பற்றாத இஞ்சினின் காற்றுக் குழாயில் பெட்ரோல் ஊற்றுவதும், எரியும் துணியைக் காட்டுவதும், ஹீட்டர் உள்ள இஞ்சினில் ஈதர் தெளிப்பதும் செய்யத்தக்கவையல்ல.

கம்ப்யூட்டரும் எலியும்

புது வண்டிகளில் பெட்ரோல் விடுவதற்கும் பொறி கொடுப்பதற்கும் கட்டளையிடுவது ஒரு சிறிய கம்ப்யூட்டர். இஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தியை அதற்கு அறிவிப்பது கிராங்க் சென்சார் என்னும் சிறு உறுப்பு. இது மௌனமாகிவிட்டால் கம்ப்யூட்டருக்கு இஞ்சின் நின்றிருப்பதாகவே தோன்றும்; ஆகவே பொறியும் வராது, எரிபொருளும் வராது. செல்ப் அடிக்கும்போது சுழற்சி காட்டும் முள் சிறிதும் அசையாமலிருப்பது பல வண்டிகளில் இதற்கு அடையாளம். சாவிக்குள் உள்ள சிப்பை வண்டி அடையாளம் காணாவிட்டாலும் இவ்விதம் சுற்றிக்கொண்டே இருக்கும். சாவிப் படமோ பூட்டுப் படமோ முன்பலகையில் மினுக்கும். அப்போது வீட்டிலுள்ள இரண்டாவது சாவியைக் கொண்டுவந்து முயல வேண்டும்.

பட்டறைகளில் ஸ்கானர் என்னும் கருவியைச் செருகிப் பார்த்தவுடன், “இன்ன சென்சார் போய்விட்டது” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கருவி காட்டும் எண் எந்தச் சுற்றில் கோளாறு என்பதை மாத்திரம் சொல்லும். சென்சார் கெட்டதா, அதற்குப் போகும் வயர் அறுந்ததா, இணைப்பில் பச்சை பூத்ததா என்று சொல்லாது. கொட்டகையில் நெல் மூட்டைக்கருகே நிறுத்திய வண்டியின் வயரை எலி கடித்திருக்க, புது சென்சார் வாங்கிப் போட்டு யாது பயன்? வயரைப் பார்த்தாயிற்றா என்று கேட்பதற்குக் கமிட்டியாருக்கு யந்திர சாஸ்திரம் தெரிய வேண்டியதில்லை.

பில் வரும்போதும் இதே நோக்கு வேண்டும். எந்தப் பரீக்ஷையால் எந்தச் சாமான் கெட்டதென்று தெரிந்தது என்பதை ஒரு வரியில் எழுதித் தரும்படியும், கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரும்படியும் கேட்பது சங்கத்தின் உரிமை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், 1961-இல் ஏற்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் உள்ள இவ்வட்டாரத்தில் கைத்தேர்ச்சி பெற்ற தொழிலாளிகளுக்குப் பஞ்சமில்லை. சோதித்துச் சொல்பவருக்குச் சோதனைக் கூலி கொடுக்கத்தான் நம்மவர் மனம் கூசுகிறது. முன்னூறு ரூபாய் சோதனைக் கூலிக்குத் தயங்கி, தேவையற்ற சாமானுக்கு மூவாயிரம் கொடுப்பது சிக்கனமாகாது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

மேலே சொன்ன முறைகள் யாவும் ஐந்து விநாடி செல்ப் அடித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குகின்றன. அதற்கும் ஒரு விலக்கு உண்டு. மாங்காட்டுப் பக்கத்தார் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும். 2015-ஆம் வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டு அடையாறு கரைபுரண்டபோதும், 2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும், சென்னையிலும் புறநகர்களிலும் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ஆவலோடு சாவியைத் திருப்பிப் பார்ப்பது மனித சுபாவம். அவ்வொரு திருப்பத்தில் இஞ்சினை இழக்க நேரிடும்.

காரணம் எளிது. காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. அரை லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் பதினெட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமுக்கும் டீசல் இஞ்சினை எடுத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது எஞ்சும் இடம் ஏறக்குறைய முப்பது மில்லி லிட்டரே. இரண்டு மேஜைக்கரண்டி அளவு. அதற்குமேல் நீர் உள்ளே புகுந்திருந்தால், மேலேறும் பிஸ்டனுக்குப் போக்கிடமில்லை. செல்ப் மோட்டாரின் பலத்தில் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சில சமயம் இஞ்சின் அடியோடு சிக்கி நிற்கும். சில சமயம் சிறிது வளைந்த ராடுடனேயே ஓடத் தொடங்கிப் பல நாள் கழித்து உடைந்து, இஞ்சினின் பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளிவரும். முழங்காலளவு நீரில் வேகமாக ஓட்டிச் சென்று நடுவில் நின்றுபோன வண்டிக்கும் இதுவே பொருந்தும். ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் காற்றோடு நீரையும் உறிஞ்சியிருக்கும்.

ஆகையால் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் நீர் நின்ற வண்டியில் சாவியைத் தொடாமல், முதலில் பாட்டரியின் நெகடிவ் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். பிறகு ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து ஈரமோ சேறோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால், நீர் கலந்த எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் தெரியும். அல்லது மட்டம் இருக்க வேண்டியதற்கு மேலே ஏறியிருக்கும். இவற்றில் ஒன்று காணப்பட்டாலும் பிளக்குகளையோ நாசில்களையோ கழற்றி, இஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். ஆயில், ஆயில் பில்டர், டாங்கிலுள்ள எரிபொருள், எரிபொருள் பில்டர் அனைத்தையும் மாற்றிய பின்பே செல்ப் அடிக்கலாம். முதலில் ஊற்றிய புது ஆயிலும் சிறிது நேர ஓட்டத்தில் மீதி நீரைக் கலந்துகொள்ளுமாதலால், அதையும் வடித்து இன்னொரு முறை மாற்றுவது தகும். இணைப்புகளில் தங்கிய சேற்று நீர் வெயிலில் உலர்ந்தாற்போல் தோன்றினாலும் உள்ளே பச்சை பூத்து, இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் வண்டியை நடுவழியில் நிறுத்தும். ஆகவே இணைப்புகளைக் கழற்றித் துடைப்பதை மறக்கலாகாது.

இன்ஷூரன்ஸ் பற்றியும் ஒரு சொல். வெள்ளத்தால் நேர்ந்த நஷ்டத்திற்கு முழுப் பாலிசியில் ஈடு உண்டு. ஆனால் நீர் புகுந்தபின் செல்ப் அடித்ததால் இஞ்சின் உடைந்தது என்று பரிசோதகர் கண்டால், இஞ்சின் பாதுகாப்பு என்ற தனி ஷரத்து சேர்க்கப்படாத பாலிசிகளில் அந்நஷ்டத்தைப் பெரும்பாலும் கம்பெனிகள் ஏற்பதில்லை. வருஷாந்திரப் பிரீமியம் கட்டும்போது அந்த ஷரத்து இருக்கிறதா என்று காரியதரிசி பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் செல்லுமுன், நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைக் காட்டும் சேற்றுக்கோடு தெரியும்படி நான்கு புறமும் படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்துச் சங்கத்தின் வண்டிப் புத்தகத்தில் ஒட்டி வைப்பது, பின்னர் பரிசோதகர் முன் சங்கத்திற்கு உதவும் சாட்சியமாகும்.